கட்டுப்பாடு என்கிற சொல்

அக்கா மகள் பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பி.ஏ. சமூகவியல் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கலூருக்கு வந்தவள், பரீட்சைக்கு வரும் என்று அவள் நம்பிய ஒரு கேள்வியை என்னிடம் நீட்டினாள். 'சமூகக் கட்டுப்பாட்டை நிலைநாட்டுவதிலும் குற்றங்களைத் தடுப்பதிலும் முகமைகளின் பங்கை விவரி.' பதிலும் பாடத்திலேயே இருந்தது. குடும்பம், சமயம், பள்ளி, வழக்காறு, சட்டம், காவல்துறை, நீதிமன்றம். இவையெல்லாம் சேர்ந்து மனிதனை நெறிப்படுத்துகின்றன, அதனால் குற்றம் குறைகிறது என்று பாடம் சொல்கிறது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா காதில் 'கட்டுப்பாடு' என்ற ஒரு சொல் மட்டும் விழுந்திருக்கிறது. "எந்த ஊர்லடா கட்டுப்பாடு போட்டுட்டானுங்க?" என்று பதறிப்போய்க் கேட்டது.

ஆயாவின் பதற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பாடத்துக்குப் பதில் எழுத முடியாது. எங்கள் வளவில் கட்டுப்பாடு என்றால் ஊர்க்கட்டுப்பாடு. தோட்டத்தில் வேலை கிடையாது. கடையில் சாமான் கிடையாது. மாட்டுக்குப் புல்லறுக்க வரப்பில் இறங்கக் கூடாது. தடத்தில் நடக்கக் கூடாது. எவன் எதிர்த்துப் பேசினானோ அவன் வந்து காலில் விழும்வரைக்கும் வளவு மொத்தமும் பட்டினி கிடக்க வேண்டும். அமெரிக்க அறிஞர் எட்வர்டு ராஸ் 1901-ல் 'சமூகக் கட்டுப்பாடு' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். சமூகவியல் பாடங்களில் இந்தத் தலைப்பு நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். ஆனால் ஆயாவுக்கு அந்த நூலெல்லாம் தேவைப்படவில்லை. புத்தகத்தில் குற்றத்தைத் தடுக்கும் கருவியாக எது சொல்லப்படுகிறதோ, அதே பெயரில் நடந்த குற்றத்தை அது வயிற்றால் அறிந்திருக்கிறது.

யார் யாரைக் கட்டுப்படுத்தினார்கள், எது குற்றமாக எழுதப்பட்டது, எது எழுதப்படாமலே போனது என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் சாவடி. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. கிராமத்தில் அமைதி காக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்குச் சென்னை மாகாண அரசு 1816-ல் பதில் சொன்னது. அந்த ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, கிராமத் தலைவருக்கே போலீஸ் அதிகாரத்தைக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அவருக்கு மணியகாரர் என்று பெயர். வாய்ச்சண்டை, சின்ன அடிதடி போன்றவற்றுக்கு அவரே தண்டனை கொடுக்கலாம். என்ன தண்டனை? பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேற்படாமல் சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் 'தாழ்ந்த சாதி'யாக இருந்தால் 6 மணி நேரம் வரைக்கும் தொழுமரத்தில் மாட்டலாம். ஓட்டை போட்ட மரச்சட்டத்தில் காலை நுழைத்துப் பூட்டி, ஊர் பார்க்க உட்கார வைப்பதுதான் தொழுமரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு இழிவான தண்டனையை எல்லோருக்கும் கொடுக்க முடியாது, கொடுத்தால் தகாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. யாருக்குக் கொடுத்தால் தகும் என்பதையும் அவர்களே எழுதிவைத்தார்கள். மனு எழுதியதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வெள்ளைக்காரன் இங்கிலீஷில் அச்சடித்து, மனுவின் வேலையை மணியகாரரிடம் சட்டபூர்வமாக ஒப்படைத்ததைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். ஐரோப்பியச் சிறைகளைப் பற்றி மிஷேல் ஃபூக்கோ எழுதியதைத் தமிழில் பக்கம் பக்கமாக விவாதித்தோம். நம்ம ஊர்ச் சாவடியை யார் எழுதினோம்?

தொழுமரம் சட்டத்திலிருந்து போய்விட்டது. சாவடி போகவில்லை. எங்கள் அப்பாரு ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். கவலை இறைக்கிற காலம். பறி தைப்பதும் வடம் முறுக்குவதும் மாதாரிகளின் வேலை. ஒரு நாள் தோட்டத்தில் வடம் காணவில்லை. விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. சாவடி முன்னால் இருந்த வேப்பமரத்தில் அப்பாருவைக் கட்டி வைத்தார்கள். பொழுது சாயுமுன் அந்த வடம் அறுந்து கிணற்றுக்குள்ளேயே கிடந்தது தெரிந்தது. அவிழ்த்து விட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பண்ணாடிகிட்டப் போயி ஏனுங்க கட்டுனீங்கன்னு கேக்க முடியுமா கண்ணு? மறுநா விடியால வேலைக்குப் போனேன்" என்று அப்பாரு சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் பிடிபட்டது.

வடம் காணோம் என்றதும் அது திருட்டாகிவிட்டது. ஒரு மனுஷனை நாள் முழுக்க மரத்தில் கட்டி வைத்தது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. குற்றத் தடுப்பின் வரலாறு என்பது எங்களைப் பொறுத்தவரை இந்த ஓரக்கண் கணக்கின் வரலாறுதான்.

*

அடுத்தது போலீஸ். 1816-ல் கிராமத்தில் மணியகாரருக்கு அதிகாரம் கொடுத்ததைப் போலவே, தாலுகாவில் வரி வசூலிக்கும் தாசில்தாரையே போலீசுக்கும் தலைவராக்கினார்கள். வரி கட்டாதவனை அடிப்பவனும், அடி வாங்கியவன் புகார் சொல்லப் போகவேண்டிய இடமும் ஒரே ஆள். இதன் விளைவை விசாரிக்கச் சென்னையில் ஒரு சித்திரவதை விசாரணைக் குழு அமைத்தார்கள். 1855-ல் வந்த அதன் அறிக்கையில் கிட்டி பூட்டுவதும், கழுத்தைக் காலோடு வளைத்துக் கட்டும் அண்ணுந்தாளும் ஆவணமாகியிருக்கின்றன. அதற்குப் பிறகே வரிவசூல் வேறு, போலீஸ் வேறு என்று பிரித்து 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

இது முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் இருக்கும் ஏட்டையாவுக்கு வளவில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று எப்படித் தெரியும்? மணியகாரரும் தலையாரியும் சொன்னால்தான் தெரியும். அவர் வந்து இறங்கும் இடம் சாவடி. சாப்பிடும் இடம் ஊருக்குள். ஆக, போலீஸ் மாறியது, போலீசின் கண் மாறவில்லை. பரம்பரைக் கர்ணம் மணியம் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது 1980 நவம்பரில்தான். அதுவரை, 1816-லிருந்து கணக்குப் போட்டால் 164 வருஷம், ஊரின் 'சட்டம் ஒழுங்கு' என்பது ஒரு சில குடும்பங்களின் சொத்தாக அப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தனியாளைச் சந்தேகிப்பது போதாமல் போனபோது சாதியையே சந்தேகித்தார்கள். 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பிறந்த சாதியை வைத்துக் கைரேகை எடுப்பார்கள், ராத்திரியில் வீட்டில் படுக்க விடமாட்டார்கள். பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். பிரமலைக் கள்ளர்கள் பல இடங்களில் நம் மக்கள்மேல் ஆதிக்கம் செய்யும் சாதி, அவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. குற்றம் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லும் சட்டம் யார்மேல் பாய்ந்தாலும் அது தீண்டாமையின் தத்துவம்தான். பிறப்பை வைத்துத் தீட்டு என்பதற்கும் பிறப்பை வைத்துத் திருடன் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

குறவர் கதை இன்னும் கொடுமை. மாட்டுமேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் அவர்கள். ரயில் வந்தது, சர்க்கார் உப்பு நிர்வாகம் வந்தது, பிழைப்பு போனது. பிழைப்பு போனவனுக்குச் சர்க்கார் கொடுத்த பட்டம் குற்றப் பரம்பரை. பதிந்தவர்களைக் குடியேற்றங்களில் வைத்து வேலை வாங்கினார்கள். குண்டூர்ச் சீமையில் இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்திலிருந்து சீராலா புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆட்கள் போனார்கள். திருத்துவது என்ற பெயரில் மலிவான கூலிக்கு ஓடிப்போக முடியாத தொழிலாளி கிடைத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

இந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது. அடுத்த வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. நாம் சாதாரணமாகத் திட்டுவதற்குப் பயன்படுத்தும் 'கேடி' என்ற சொல்கூட ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்து வந்ததுதான். அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்பதற்கான இரண்டு இங்கிலீஷ் எழுத்து அது. சந்தேகத்துக்கிடமாக நின்றவன், வழக்கமாகக் குற்றம் செய்பவன் என்று சொல்லி நன்னடத்தை ஜாமீன் கேட்கும் பழைய 109, 110 பிரிவுகள், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 128, 129 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

*

இத்தனை கண்காணிப்பும் இருந்த நாட்டில் எங்கள்மேல் நடந்த குற்றங்களை யார் தடுத்தார்கள்?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து செத்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வடம் காணவில்லை என்றதும் அப்பாருவை நம்ப முடியாமல் போனதும், கார் வைத்திருப்பவரைச் சந்தேகிக்க முடியாமல் போனதும் ஒரே மனம்தான். ஒன்று வேப்பமரத்தடியில் வேலை செய்தது, இன்னொன்று உயர்நீதிமன்றத்தில்.

1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் சந்தனக் கடத்தலைத் தடுப்பது என்ற பெயரில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து போனார்கள். பாடத்தில் உள்ள முகமைகளில் ஒன்று போலீஸ். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது. உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை. 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் 31 வருஷம் விடாமல் நின்றதால் இது பதிவாயிற்று. நிற்க முடியாமல் போன ஊர்கள் எத்தனையோ?

குடும்பமும் ஒரு முகமை என்கிறது பாடம். 2016 மார்ச் 13 அன்று எங்கள் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், கண்காணிப்புக் கேமராவின் முன்னால், சாதி மாறிக் கலியாணம் செய்த சங்கரை வெட்டிக் கொன்றார்கள். மனைவி கௌசல்யாவையும் வெட்டினார்கள். கேமரா கொலையைப் படம் பிடித்தது, தடுக்கவில்லை. 2017-ல் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தகப்பன் உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020-ல் உயர்நீதிமன்றம் தகப்பனை விடுவித்து, மற்ற 5 பேருக்கும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

*

நம் முன்னோடிகள் இதையெல்லாம் எப்போதோ கண்டு சொல்லிவிட்டார்கள். 1930-ல் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஊர்க்கட்டுப்பாட்டைக் குற்றமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அதில் இருக்கிறது. பர்மாவில் 1922-ல் வந்த புறக்கணிப்பு எதிர்ப்புச் சட்டத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு, எதெல்லாம் புறக்கணிப்பு, அதற்கு என்ன தண்டனை என்று பிரிவு பிரிவாக எழுதியிருக்கிறார்கள். போலீஸ் அடிப்பதைவிட ஊர் வேலை மறுப்பதுதான் நம்மை முறிக்கும் ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரியும்.

1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதை ஓரமாகத் தொட்டது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1990 ஜனவரி 30 முதல் நடப்புக்கு வந்தது. சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு என்று பெயர் சொல்லி அவற்றை வன்கொடுமையாக்கியது 2015-ன் திருத்தந்தான். வட்டமேசையிலிருந்து 85 வருஷம்.

இந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'தடுப்பு' இருக்கிறது. நாம் அதை எப்.ஐ.ஆர். போடும் சட்டமாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். 17ஆம் பிரிவைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கலாம் என்று தெரிந்தால், நடப்பதற்கு முன்பே அந்தப் பகுதியை வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதியாக அறிவித்து நடவடிக்கை எடுக்க மாவட்ட ஆட்சியருக்கும் டி.எஸ்.பி.க்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. 1995 விதிகளின் 3ஆம் விதியின்படி அங்கே உள்ள ஆதிக்கச் சாதியாரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யலாம். 10ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யக்கூடியவரை அடையாளம் காணப்பட்ட பகுதியிலிருந்து விலக்கி வைக்கச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிடலாம். கடமை தவறும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் தண்டனை. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்பது 17ஆம் விதி.

1816-லிருந்து பார்த்தால், கண்காணிப்பின் திசையைத் திருப்பிய சட்டம் இது. சந்தேகப்பட வேண்டியது வளவை அல்ல, ஊரை என்று சர்க்கார் முதல் தடவையாகக் காகிதத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறது. அதனால்தான் இதன் தடுப்புப் பிரிவுகளைத் தொட அதிகாரிகளுக்குக் கை நடுங்குகிறது. நன்னடத்தை ஜாமீனுக்கு அந்த நடுக்கம் கிடையாது.

*

இப்போது பொங்கலூருக்கு வருவோம். பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே திருச்சி ரோட்டில் இருக்கிற ஊர். கவலை போய் மோட்டார் வந்து, பண்ணையம் போய் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் நூல்மில்லும் பனியன் கம்பெனியும் வந்துவிட்டன. 2024 நவம்பர் கடைசியில் எங்கள் வட்டாரத்துச் சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனுமாக மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் இன்னொரு தம்பதி. தனித்தனித் தோட்டத்தில் குடியிருக்கும் வயசாளிகளின் பயம் நியாயமானது. அந்தத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் வேலைக்குப் போகும் எங்கள் பெண்களுக்கும் அதே பயம் உண்டு. குற்றம் தடுக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பயம் வந்ததும் டீக்கடைப் பேச்சு எங்கே போகிறது? புதுசா வந்தவன், வடக்கத்தியான், வளவுக்காரன். பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மில்லுக்குள் என்ன கட்டுப்பாடு? என் சித்தப்பா மகள் சுமங்கலித் திட்டத்தில் ஒரு நூல்மில்லுக்குப் போனாள். மூன்று வருஷம் முடித்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. விடுதி கேட்டைத் தாண்ட முடியாது. போன் பேச நேரம், ஆள் வந்து பார்க்க நேரம், எல்லாம் கணக்கு. ஏன் என்று கேட்டால் 'வயசுப் பொண்ணுங்க, பாதுகாப்பு' என்றார்கள். குடியேற்றத்திலிருந்து புகையிலைக்கு ஆள் போனதை முன்னே சொன்னேன். வேலியின் காரணம் மாறியிருக்கிறது. அன்றைக்கு அவர்களிடமிருந்து சமூகத்தைக் காப்பாற்ற, இன்றைக்குச் சமூகத்திடமிருந்து இவர்களைக் காப்பாற்ற. உள்ளே ஓடுவது அதே ஷிப்டு. அந்தக் கேட்டுக்குள் மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தால் யாரிடம் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாம் வருஷ நடுவில் வீட்டுக்கு வந்துவிட்டாள். தொகை வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வேறு ஒரு இடத்திலிருந்து வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர்மேல் கொலை வழக்கு. தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இந்த மரணத்தை விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தையும் அதனிடம் துணி வாங்கும் கம்பெனியையும் கையெழுத்துப் போட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வரிசைக்கு வரிசை கண்காணிக்க வைத்தார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் எழுதி வாங்கினார்கள். ஒரு தொழிற்சாலை அளவில் நடந்தது என்று குறைத்துப் பேசலாம். ஆனால் பாருங்கள், கண்காணிக்கப்பட்டவளே கண்காணிப்பவளாக நின்றாள். வாயால் அடக்கிப் பேசுவதும் தொடுவதும் கொலையில் முடிவதற்கு முன்னால் அதைப் புகாராக்கும் இடம் ஒன்று கிடைத்தது. குற்றத் தடுப்பு என்றால் அதுதானே?

*

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததில் பொழுது போய்விட்டது. "மாமா, இதைப் பரீட்சையில் எழுதினா மார்க்கு போடுவாங்களா?" என்று கேட்டாள். பாடத்தில் உள்ளதை எழுது, பாஸாகிவிடு என்றேன். அவள் பாஸாக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன்: முகமைகளைக் கட்டுப்படுத்துவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத சமூகத்தில், குற்றத் தடுப்பே சிலருக்குக் குற்றமாக வந்து சேரும்.

பரீட்சை எழுத வேண்டியதில்லாத நமக்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, யார் உறுப்பினர், 17ஆம் பிரிவின் கீழ் எந்த ஊராவது அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் செலவு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை எழுதி அனுப்புங்கள். அப்பாருவைக் கட்டியது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை என்று சொன்னேன் அல்லவா? இனி ஏறட்டும்.